இரண்டு கதவுகளுக்கு நடுவே

எதிரெதிரே இரண்டு சன்னல் திறந்தால்
நடுவில் பிறக்கும் காற்றுக்கு
எங்களிடம் தனிப்பெயர் உண்டு: ப்ரோமாயா.
பேய்க்குக்கூட இத்தனை பயந்ததில்லை ஸ்மெதெரெவோ.
கழுத்து பிடித்துக்கொண்டால் அது.
பல் வலித்தால் அது.
ஜூலை வெக்கையில் வெந்துகொண்டிருக்கும் பேருந்தில்
எவனோ கண்ணாடியை விரலளவு இறக்கினால்
பின்னாலிருந்து குரல் வரும்:
"எங்களைக் கொல்லவா பார்க்கிறாய்?"

ஸ்லாவ்கா என் கீழ்வீட்டுக்காரி.
ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம்.
மூக்கில் விட்டெடுத்த பஞ்சுக்குச்சிகளுக்கு
எண் போட்டு, முடிவு எழுதுகிறவள்.
காற்று ஒன்றையும் கொண்டுவருவதில்லை,
கொண்டுவருவது மனிதர்கள்தான் என்று
படிக்கட்டில் நிறுத்தி எனக்கே பாடம் எடுத்தவள்,
கழுத்தில் இரண்டு சுற்று சால்வையோடு.

வீட்டுக்குள் அவள் வேறு.
ரதோவான் வெறுங்காலோடு நடந்தால்
"சிறுநீரகம்!"
ஈரத்தலையோடு பால்கனிக்குப் போனால்
"மூளைக்காய்ச்சல்!"
பனியனை உள்ளே சொருகு, சொருகு, சொருகு.
வருடக்கணக்காய் என் தரை வழியே ஏறிவந்த அந்தக் குரல்
சண்டையா கொஞ்சலா என்று
எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரிந்ததேயில்லை.

அவன் போன சனிக்கிழமை
கோஷவா வீசத் தொடங்கி மூன்றாம் நாள்.
மூன்றில் நிற்காவிட்டால் ஏழு,
ஏழில் நிற்காவிட்டால் இருபத்தொன்று என்று
கணக்கு வைத்துக்கொண்டு வீசும் காற்று அது.
லிப்ட் வேலை செய்யவில்லை.
கீழ்வாசலுக்கு ஒரு செங்கல்,
மேல்வாசலுக்குத் துளையிடும் எந்திரத்தின் பெட்டி.
தான்யூப் நதி முழுக்கப்
படியேறி வந்ததுபோல் குளிர்.

தொலைக்காட்சி இறங்கியது.
டயர்கள் இறங்கின.
நாலாம் முறை தூண்டில் கம்புகளோடு அவன் வந்தபோதுதான்
அவள் வாய் திறந்தாள்.
எங்கே போகிறாய் என்றல்ல.
யாரிடம் என்றல்ல.
"தலை ஈரமாயிருக்கிறது."

அவன் திருப்பத்தில் நின்றான்.
அவள் உள்ளே போய்க் கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்தாள்.
கம்புகளால் இரு கையும் நிறைந்திருந்ததால்
அவளே மாட்டிவிட்டாள்,
காது மூடும்வரை இழுத்து.

பிறகு கார் கிளம்பும் சத்தம்.
பிறகும் கதவு திறந்தே கிடந்தது.
பால்கனிக் கதவும்.
நடுவில் நாற்காலி போட்டு
மேல்கோட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்,
ப்ரோமாயாவின் சரியான மடியில்.

நான்தான் போய் எல்லாவற்றையும் சாத்தினேன்.
அடுப்படியில் ஹீட்டரைப் போட்டு,
ராகியாவைச் சர்க்கரையோடு கொதிக்கவைத்து,
எங்கள் வழக்கப்படி
வலம் இடம் வலம் என மூன்று முத்தம்.
அவள் என் தோளில் அரைமணி நேரம் அழுதாள்.
காலையிலிருந்தே எனக்குத் தொண்டை
லேசாக அரித்துக்கொண்டிருந்தது.
அப்போது அது நினைவுக்கு வரவில்லை.
வந்திருந்தாலும்
தோளை எடுத்திருப்பேனா, தெரியாது.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு முப்பத்தொன்பது டிகிரி.
கட்டடம் முழுக்க ஒரே தீர்ப்பு:
"அன்றைக்குக் கதவு அப்படித் திறந்து கிடந்ததே!"
இரண்டாம் மாடி புதிமிர்க்கா
லிண்டன் தேநீரும்
ராகியாவில் நனைத்த காலுறையுமாக வந்துவிட்டாள்.

போர்வைக்குள்ளிருந்து ஸ்லாவ்கா என்னைப் பார்த்தாள்.
என் சிவந்த மூக்கை.
என் கைக்குட்டையை.
கணக்குத் தெரிந்தவள்.
ஞாயிறு, திங்கள் என
விரல்கள் போர்வைமேல் மடங்கி
மூன்றாவதில் நின்றன.

"ப்ரோமாயாதான்" என்றாள்.

புதிமிர்க்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.
பொஜரேவாட்ஸில் ரதோவானுக்கு
ஒரு தும்மல்கூட இல்லையாம்;
எல்லாம் அந்தத் தொப்பியால்தான் என்றாள்.

கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் பேசியது.
பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு
ஸ்லாவ்கா சொன்னாள்:
"சன்னலை ஒரு விரலளவு திறங்கள்."

கேட்காததுபோல்
நாங்கள் இருவரும் தேநீர் குடித்தோம்.